புதிதாக வேலைக்கு வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நோயாளியின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

வார்டில் யாராவது "நாளைக்கு ஓ.டி.க்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், அன்று ராத்திரி அந்தக் குடும்பத்துக்குத் தூக்கம் இருக்காது. ஓ.டி. என்றால் நமக்கு ஆக்குபேஷனல் தெரபி, அவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டர்தான். மறுநாள் சீட்டோடு நம் அறைக்கு வந்து, மேஜையில் மணிகளும் மரக்கட்டைகளும் துணி கிளிப்புகளும் கிடப்பதைப் பார்த்ததும் மூச்சு வரும். கூடவே ஒரு சந்தேகமும் வரும். "இது பிசியோதானே? கரண்ட் வைக்க மாட்டீங்களா?" நம் வேலை இந்தச் சந்தேகத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லும் அறிவுரை, "பேஷண்ட்கிட்ட நல்லா பேசிப் பழகு" என்பது. தப்பில்லை, ஆனால் போதாது. சிரித்த முகம் இரண்டு செஷன் வரைக்கும் தாங்கும். மூன்றாவது செஷனில் அவர் மனதில் ஓடுவதே வேறு. நான் சொன்னதை இவர் காதில் வாங்கினாரா, இந்தப் பயிற்சி எனக்கு எதற்கு, தருகிறேன் என்ற ஸ்பிளிண்ட்டை (கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையை) சொன்ன நாளில் தந்தாரா? எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: எங்கே போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு. நம் தொழிலைப் பொறுத்தவரை முதல் இரண்டும் அமைந்துவிட்டால் மூன்றாவது பெரும்பாலும் தானாகவே வந்து சேரும். ஆகவே இங்கே பேச்சுச் சாமர்த்தியத்தைவிட அந்த இரண்டு உடன்பாடுகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

ஒருவரை வைத்துக்கொண்டு பார்ப்போம். 58 வயதுத் தையற்காரர். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ஆறு வாரம் ஆகிறது. கைத்தடியோடு மெதுவாக நடக்கிறார். தோளைக் கொஞ்சம் தூக்க வருகிறது, விரல் மடங்குகிறது, விரியத்தான் மாட்டேன் என்கிறது. சொல்ல வந்த சொல் சில நேரம் நாக்கு நுனியிலேயே நின்றுவிடும். மனைவியும் மகனும் கூட வருகிறார்கள்.

ஆளைப் பார்க்கும் முன் ஐந்து நிமிடம்

கேஸ் ஷீட்டை அவர் முன்னால் உட்கார்ந்து புரட்டாதீர்கள். முன்பே படித்துவிடுங்கள். எந்தப் பக்கம் பாதிப்பு, பேச்சு எப்படி, விழுங்குவதில் சிரமம் உண்டா, ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் ஏதாவது எல்லை போட்டிருக்கிறாரா, வலிப்பு வந்திருக்கிறதா, தோளில் வலி இருக்கிறதா, தொழில் என்ன. இவ்வளவு போதும். ஏற்கெனவே நாலு பேரிடம் ஒப்பித்த கதையை ஐந்தாவதாக உங்களிடமும் முதலிலிருந்து ஒப்பிக்க வைப்பதைவிட, "ஆறு வாரம் முன்னாடி காலையில எழுந்தப்போ கை வரலைன்னு எழுதியிருக்கு, சரிதானா?" என்று கேட்டால் அவருக்குப் பாதி பாரம் குறையும். நமக்காகப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரியும்.

எங்கே உட்காருவது என்பதையும் யோசிக்க வேண்டும். நின்றுகொண்டு பேசாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, உங்கள் கண் அவர் கண்ணின் உயரத்துக்கு வரும்படி உட்காருங்கள். மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டு இடப்பக்கத்தையே கவனிக்காமல் விடுபவராக இருந்தால், முதல் சந்திப்பில் அவருக்குத் தெரியும் பக்கமாக உட்காருங்கள். இடப்பக்கம் பார்க்கவைக்கும் பயிற்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். யாரென்றே தெரியாத குரல் ஒன்று காலியான பக்கத்திலிருந்து வந்தால் மனிதர் மிரண்டுபோவார்.

எப்படிக் கூப்பிடுவது

சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நிறைய உறவுகள் இங்கேதான் கோணலாகின்றன. 58 வயதுக்காரரை "தாத்தா" என்று கூப்பிட்டால் கதை முடிந்தது. கடைக்கு வருகிறவர்களெல்லாம் "மாஸ்டர்" என்று அழைத்த மனிதர் அவர். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிடுவதே நல்லது. பதில் வராவிட்டால் "ஐயா", "அண்ணா", "அம்மா", "அக்கா" என்று வயதுக்கும் ஊருக்கும் தகுந்தபடி. படுக்கையில் இருக்கிறார், பேச்சு குழறுகிறது என்பதற்காக "சாப்டியா, கை தூக்கு பாக்கலாம்" என்று ஒருமைக்கு இறங்கிவிடும் பழக்கம் வார்டுகளில் உண்டு. தொற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மகனிடம் கேட்பது. "அப்பா நைட் தூங்குறாரா?" என்ற கேள்வியை அப்பாவிடமே கேட்கலாம். பேச வராவிட்டாலும் தலையாட்டுவார். மகனிடம் கேட்டே ஆக வேண்டியது இருந்தால், "உங்க மகன்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டுக்கட்டுமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

பிறகு நம் தொழிலை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "தொழில்வழிச் சிகிச்சை" என்று சொன்னால் வேலை வாங்கித் தருவோம் என்று நினைப்பவர்களும் உண்டு. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "குளிக்கிறது, சாப்பிடுறது, சட்டை போடுறது, கடைக்குப் போய் வேலை பார்க்கிறது, இதெல்லாம் மறுபடியும் நீங்களே செய்யணும். அதுக்குக் கையையும் பழக்குவோம், செய்யற முறையையும் மாத்துவோம், தேவைப்பட்டா சாமானையும் மாத்துவோம். ஊசி, ஆபரேஷன் எதுவும் கிடையாது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டதும் அவர் தோள் இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

தொடும் முன் சொல்லுங்கள், சொன்ன பிறகு ஒரு நொடி நில்லுங்கள். "உங்க வலது கையை மணிக்கட்டுலயும் முழங்கையிலயும் பிடிச்சுத் தூக்கப்போறேன். வலிச்சா இடது கையால என்னைத் தட்டுங்க, நிறுத்திடுவேன்." தட்டினால் உடனே நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம், கொஞ்சம்" என்று ஒருமுறை இழுத்துவிட்டால், அடுத்த செஷனில் உங்களைக் கண்டதுமே அந்தத் தோள் இறுகிக்கொள்ளும். பக்கவாதத்தில் தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்து தொங்கும். விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதால் வரும் வலி மாதக்கணக்கில் நிற்கும். வீட்டார் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார்களா என்பதையும் அன்றைக்கே பார்த்துத் திருத்துங்கள்.

சொல் வராதவரோடு பேசுவது

அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் எடுத்துக்கொடுக்க அவசரப்படுவீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி உங்களுக்கு நீளம், அவருக்கு அது தேவை. அப்புறமும் வராவிட்டால் ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி கேள்வியை மாற்றுங்கள். ஒரு கேள்விக்கு ஒரே ஒரு விஷயம்தான். "டீயா காபியா, இல்ல அப்புறமா சாப்பிடுறீங்களா?" என்பது மூன்று கேள்வி. பொருளைக் கையில் காட்டிக் கேட்பது இன்னும் நல்லது. சத்தமாகப் பேசாதீர்கள், அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டவும் வேண்டாம். "எனக்குப் புரியலை, வேற மாதிரி காட்டுங்க" என்று சொல்வதால் மரியாதை குறைவதில்லை.

இலக்கைக் கேட்டு வாங்குவது

"உங்க கோல் என்ன?" என்று கேட்டால் "கை சரியாகணும்" என்றுதான் பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு கட்டைகளை அடுக்கவைக்க ஆரம்பித்துவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. "கை சரியானா மொத வேலையா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அல்லது ஒரு நாளை முழுக்க நடத்திக்காட்டச் சொல்லுங்கள்: படுக்கையிலிருந்து எழுந்தது முதல் விளக்கை அணைத்துப் படுப்பது வரை, உடம்பு நன்றாக இருந்தபோது எப்படி, இப்போது எப்படி. இருபது நிமிடம் ஆகும். "இன்னைக்கு ட்ரீட்மெண்ட்டே பண்ணலையே" என்று மகன் முனகுவார். பரவாயில்லை. அவர் முனகும் முன்பே, "இன்னைக்கு இதைக் கேட்டுக்கிட்டாத்தான் நாளையிலேருந்து தேவையானதை மட்டும் செய்ய முடியும்" என்று சொல்லிவிடுங்கள்.

இதற்குக் கனடாவில் உருவாகி 1991-ல் வெளியான சி.ஓ.பி.எம். என்ற அளவுமுறை கைகொடுக்கும். தன்னைப் பராமரித்துக்கொள்வது, வேலை, பொழுதுபோக்கு என்ற மூன்று பகுதிகளில் எதெல்லாம் சிக்கலாக இருக்கிறது என்று அவரே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 10 வரை மதிப்பிடுவார். அதிலிருந்து அதிகபட்சம் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, இப்போது எப்படிச் செய்கிறார் என்பதற்கு ஒரு எண், அது அவருக்கு எவ்வளவு திருப்தி என்பதற்கு ஒரு எண். அளவுகோல் என்றால் நம் ஆட்களுக்குத் தடுமாற்றமாக இருக்கும். "பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள். பிறகு மறுமதிப்பீட்டில் இரண்டு மார்க் ஏறினாலே பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

நம் தையற்காரர் என்ன சொல்வார்? மனைவி எதிர்பார்ப்பது அவர் நன்றாக நடக்க வேண்டும் என்பதை. மகன் எதிர்பார்ப்பது பாத்ரூமுக்குத் துணையில்லாமல் போவதை. அவர் காட்டுவது கத்தரிக்கோலை: இடது கையின் இரண்டு விரலை வெட்டுவது போல் ஆட்டிக் காட்டுகிறார். மூன்றையும் எழுதுங்கள், யார் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள், ஆனால் அவர் சொன்னதை முதல் வரியில் எழுதுங்கள். "கத்தரிக்கோல் பிடிக்கிறதுக்கு இன்னும் நாளாகும். ஆனா துணியை விரிச்சுப் பிடிக்கிறதுலேருந்து தொடங்கலாம்" என்று அங்கேயே ஒரு பாலத்தைப் போட்டுவிட வேண்டும். போர்டின் சொன்ன இரண்டாவது உடன்பாடு இந்தப் பாலம்தான்.

அவர் வாய்விட்டுச் சொல்லாத இலக்கு

வலது கை விழுந்தவருக்கு இங்கே இரட்டைக் கஷ்டம். சோற்றுக்கை போய்விட்டது, கழுவும் கை மட்டும் மிச்சம். இடது கையால் பிசைந்து சாப்பிடச் சொன்னால் தட்டைத் தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டால் "பசிக்கலை" என்பார். மனைவி ஊட்டிவிடுவார். அதுவும் பிடிக்காமல் மருமகள் எதிரில் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவார். கேஸ் ஷீட்டில் இது "பசியின்மை" என்று ஏறும். இடது கை விழுந்தவருக்கு இதே சிக்கல் திருப்பிப்போட்ட மாதிரி: சாப்பிடும் கையாலேயே கழுவ வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றிய பேச்சை நீங்கள்தான் எடுக்க வேண்டும், அதுவும் முதல் நாளே கூடாது. இரண்டாவது அல்லது மூன்றாவது செஷனில், மகனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, சாதாரணக் குரலில்: "இந்த மாதிரி வலது கை வராதவங்க நிறைய பேருக்கு இடது கையால சாப்பிடுறது மனசுக்கு ஒப்பலைன்னு சொல்வாங்க. உங்களுக்கு எப்படி?" நிறைய பேர் என்று தொடங்கினால் அது அவருடைய குறையாக நிற்காது. கழிப்பறை விஷயத்தைக் கேட்க ஒரே பாலினத்துச் சக ஊழியர் இருந்தால் அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

வழி உண்டு. இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தால் கை சோற்றைத் தொடுவதில்லை. பலருக்கு இது ஒப்புக்கொள்ள முடிகிற சமரசம். வலது கை சும்மா தொங்காமல் தட்டின் விளிம்பில் இருக்கட்டும், தட்டைப் பிடிப்பது அதன் வேலை. விளிம்பு உயர்ந்த தட்டு, அது நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. முதலில் கெட்டியான தயிர்சாதம், பொங்கல், உதிர்த்த இட்லி. ரசம் சாதம் ஸ்பூனில் நிற்காது, தோசை பிய்க்க இரண்டு கை வேண்டும். இரண்டையும் பிறகு பார்க்கலாம். விரல் பிடிமானம் வந்ததும் ஸ்பூன் காம்பில் சைக்கிள் டியூபையோ துணியையோ சுற்றித் தடிமனாக்கி வலது கைக்கு மாற்றுங்கள். கடைசியாகத்தான் வெறும் விரலால் சோற்றை எடுப்பது. அன்றைக்கு முதல் கவளத்தைத் தூக்கும்போது நீங்கள் எதுவும் பேசாமல் இருப்பது நல்லது. விழுங்கும் சிரமம் இருப்பவருக்கு மட்டும், பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் பார்க்காமல் சாப்பாட்டுப் பயிற்சியை ஆரம்பிக்காதீர்கள்.

முதல் வெற்றி: ஒரு சட்டை

முதல் வாரத்துக்குள் ஏதாவது ஒன்றை அவரே செய்து முடித்திருக்க வேண்டும். பயிற்சிக் கூம்பை அடுக்குவதை வெற்றி என்று எந்தப் பெரிய மனிதரும் வீட்டில் போய்ச் சொல்ல மாட்டார். சட்டை போட்டேன் என்று சொல்வார்.

கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலி. பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கட்டும். தொளதொளப்பான அரைக்கைச் சட்டை, நீங்கள் எடுத்துவந்ததாக இல்லாமல் அவருடையதாக இருந்தால் நல்லது. சட்டையை மடியில் உள்பக்கம் மேலே தெரியவும் காலர் நெஞ்சுப் பக்கம் இருக்கவும் விரித்துப் போடச் சொல்லுங்கள். விழுந்த கை முதலில்: இடது கையால் வலது கையைத் தூக்கி வலது கைப்பகுதிக்குள் விட்டு, முழங்கை தாண்டி தோள் வரை துணியை ஏற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் முழங்கையிலேயே நிறுத்திவிட்டு மறுபக்கத்துக்குப் போவார்கள், அப்போது சட்டை முதுகில் முறுக்கிக்கொள்ளும். தோள் வரை ஏறிய பின் காலரைப் பிடித்துத் தலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து, நல்ல கையை நுழைத்து, பட்டனைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில், விழுந்த கை கடைசியில்.

உதவியை எவ்வளவு கொடுப்பது? முழங்கை தாண்டுவதற்கு மட்டும் கைகொடுத்துவிட்டு, கடைசி இரண்டு படியை அவரிடம் விடுங்கள். முடிப்பது அவராக இருக்க வேண்டும். ஆரம்பத்தை அவர் செய்து முடிவை நீங்கள் செய்தால் மனதில் நிற்பது தோல்விதான். பதினைந்து நிமிடம் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், போனைத் தொடாதீர்கள்.

பட்டனில் தடுக்கும். ஒற்றைக் கையால், அதுவும் பழக்கமில்லாத கையால். இந்த இடத்தில் நீங்கள் பட்டன் போடும் கொக்கியை எடுத்து நீட்டலாம். ஆனால் எதிரில் இருப்பவர் நாற்பது வருடம் காஜா எடுத்தவர். அவரிடமே கேளுங்கள்: "மாஸ்டர், இந்தச் சட்டையை ஒத்தைக் கைக்காரர் போடுற மாதிரி மாத்தித் தரச் சொல்லி ஒரு கஸ்டமர் வந்தா என்ன செய்வீங்க?" வெல்க்ரோ வைத்து மேலே பட்டனைச் சும்மா தைத்துவிடலாம் என்று கையால் காட்டுவார். மகனிடம் சொல்லித் தைக்கவைத்து அடுத்த முறை போட்டுக்கொண்டும் வருவார். அன்றிலிருந்து அவர் அந்த அறையில் வெறும் பேஷண்ட் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஊசி, கத்தரிக்கோல், இஸ்திரிப்பெட்டி எதையும் கொடுப்பதற்கு முன் தொடு உணர்ச்சியையும் சூடு, குளிர் தெரிகிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். உணர்ச்சி மங்கிய விரல் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. நல்ல எண்ணத்தில் கொடுத்த ஊசியால் ஏற்படும் காயம், உங்கள் மேல் உள்ள நம்பிக்கையையும் சேர்த்தே கிழித்துவிடும்.

"கை எப்ப சரியாகும்?"

கேட்காத ஆளே இல்லை. இரண்டு தப்பான பதில்கள் உண்டு. "கவலைப்படாதீங்க, ரெண்டே மாசத்துல சரியாயிடும்" என்பது ஒன்று. "அதெல்லாம் டாக்டரைக் கேளுங்க" என்பது இன்னொன்று. முதலாவது, இரண்டு மாதம் கழித்து உங்களைப் பொய்யராக்கும். இரண்டாவது, அன்றைக்கே உங்களை ஒன்றும் தெரியாதவராக்கும். பக்கவாதத்தில் மீட்சி முதல் மூன்று மாதம் வேகமாகவும், பிறகு ஆறு மாதம் வரை மெதுவாகவும் இருப்பது பொதுவான போக்கு. அதற்கப்புறமும் பழக்கத்தால் வேலைகளில் முன்னேற்றம் வரும். எனவே: "முழுசா பழையபடி ஆகும்னு இப்பவே என்னால சொல்ல முடியாது. விரல் மடங்குறது நல்ல அறிகுறி. அடுத்த நாலு வாரத்துல விரல் விரியுதான்னு பார்ப்போம். அது வந்தா துணியைப் பிடிச்சு விடறதுக்கு ஆரம்பிப்போம். வராட்டா இடது கைக்கு வேலையை மாத்துறதை இன்னும் தீவிரமா பார்ப்போம். ரெண்டுல எது ஆனாலும் உங்ககிட்ட நேராவே சொல்லிடுவேன்." நாலு வாரம் கழித்து அந்தத் தேதியில் நீங்களே பேச்சை எடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருந்தால் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை.

ஒரே ராகம் பாடாதீர்கள்

நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதத்தை அமெரிக்க உளவியலாளர் ரெனே டெய்லர் 2008-ல் ஆறு வகையாகப் பிரித்தார். அவருக்காகப் பரிந்து பேசுவது, சேர்ந்து முடிவெடுப்பது, உணர்வைப் புரிந்துகொள்வது, ஊக்கப்படுத்துவது, கற்றுக்கொடுப்பது, சிக்கலை அவிழ்ப்பது. புதியவர்கள் கற்றுக்கொடுப்பதிலும் ஊக்கப்படுத்துவதிலுமே சிக்கிக்கொள்வார்கள். "தூக்குங்க, சூப்பர், இன்னொரு தடவை, சூப்பர்." அவர் கண் கலங்கும்போதும் "சூப்பர், அழாதீங்க, உங்களால முடியும்!" அந்த நேரத்தில் தேவை வாயை மூடிக்கொண்டு கூட உட்கார்வது. அதே மனிதர் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அலைந்து களைத்து வந்தால், அப்போது ஆறுதல் வேண்டாம், வேலை நடக்க வேண்டும்: 2016-ம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு தேவை என்பதையும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு என்னென்ன தாள்களோடு போவது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகையோ சிரிப்போ பீறிட்டு வரும், ஒரு நிமிடத்தில் அடங்கும். "இப்ப மனசு கஷ்டமா இருக்கா, இல்ல தானா வந்துடுச்சா?" என்று கேட்டுவிடலாம். தானாக வந்தது என்றால் பேச்சை மாற்றி வேலையைத் தொடர்வதே அவருக்கு நிம்மதி. ஆனால் பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கம், பசி, ஆர்வம் மூன்றும் இரண்டு வாரமாகக் குறைந்திருந்தால் டாக்டருக்குத் தெரிவியுங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல ஏதாவது சொன்னால் நேராகவே கேளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே தெரிவியுங்கள்.

வீட்டார்

"ஐயோ, அவரால முடியாது, நானே பண்ணி விட்டுடறேன்." மனைவியின் இந்த அன்போடு மோதாதீர்கள். செய்ய விடாதீர்கள் என்று தடுத்தால் அவருக்கு அது குற்றப்பத்திரிகை. வேறொரு வேலையைக் கையில் கொடுங்கள்: "அம்மா, நீங்க அவர் பக்கத்துல நின்னு, சட்டை தோள் வரைக்கும் ஏறுச்சான்னு மட்டும் பாருங்க. ஏறலைன்னா வாயால சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சும் முடியலைன்னா கைகொடுங்க." எப்போது உதவலாம் என்று தெரிந்துவிட்டால் எப்போது உதவக் கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும். செஷன் முடியும்போது, "நீங்க எப்படித் தூங்குறீங்க, முதுகு வலிக்குதா?" என்று அவரையும் ஒரு கேள்வி கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுப் பயிற்சி

பன்னிரண்டு படம் போட்ட தாளைக் கொடுத்தால் அது டி.வி.க்கு அடியில் மடிந்து கிடக்கும். மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு ஒட்டியிருக்கட்டும்: காபி குடிக்கும்போது வலது கை டம்ளரை அணைத்துப் பிடிப்பது, குளித்ததும் சட்டை, சீரியல் ஓடும்போது துணியை மேஜையில் நீவி விரிப்பது. சொல்லிக்கொடுத்த பின் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "வீட்டுல எப்படிச் செய்வீங்கன்னு ஒரு தடவை எனக்குக் காட்டுங்க, நான் ஒழுங்கா சொன்னேனான்னு தெரியணும்" என்று கேளுங்கள். அடுத்த முறை "செஞ்சீங்களா?" என்ற கேள்வியும் வேண்டாம். அது பொய்யை வரவழைக்கும். "மூணுல எதைச் செய்ய முடியாமப் போச்சு?" என்று கேட்டால் உண்மை வரும். செய்யாததற்குக் காரணம் சோம்பல் என்று முடிவு கட்டும் முன் வலி, களைப்பு, பஸ் செலவு, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் விசாரித்துவிடுங்கள்.

ஸ்பிளிண்ட்டும் இதே கணக்குதான். முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் ஸ்பிளிண்ட்டைத் திருத்த வேண்டும். "வெள்ளிக்கிழமை சரிபண்ணித் தரேன்" என்றால் வெள்ளிக்கிழமையே தர வேண்டும். முடியாது என்று தெரிந்தால் வியாழனன்று போன் செய்து சொல்லிவிடுங்கள்.

முறுக்கிக்கொண்டால்

சண்டை போட்டு யாரும் விலகுவதில்லை. எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்பார், முகத்தைப் பார்க்க மாட்டார், இரண்டு தடவை வராமல் இருப்பார், பிறகு எண்ணெய் வைத்தியத்துக்குப் போய்விடுவார். முதல் "சரிங்க"விலேயே பிடிக்க வேண்டும். "போன தடவை நான் உங்களை அவசரப்படுத்திட்டேனோன்னு தோணுது. தப்பா இருந்தா சொல்லுங்க." பதில் வந்தால் விளக்கம் சொல்லாமல் முழுக்கக் கேளுங்கள். உங்கள் தப்பை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அன்றைய செஷனிலேயே ஒன்றை மாற்றிக் காட்டுங்கள். எண்ணெய் வைத்தியத்தைப் பழிக்காதீர்கள். கையை முறுக்கி இழுக்கிறார்களா, உள்ளுக்கு மருந்து கொடுக்கிறார்களா என்று மட்டும் விசாரித்து, ஆபத்து இருந்தால் அந்த இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

கோடு எங்கே போடுவது

"நீங்க எந்த ஊரு, எந்த ஆளுங்க?" என்ற கேள்வி வரும். முதல் பாதிக்குப் பதில் சொல்லுங்கள், இரண்டாவது பாதியைச் சிரித்தபடி கடந்து, கையில் உள்ள வேலைக்கு வந்துவிடுங்கள். வீட்டுக்குப் போனால் தண்ணீரோ டீயோ குடிக்கலாம், மறுத்தால்தான் தப்பாகப் படும். பணமும் விலையுயர்ந்த பொருளும் வேண்டாம். போன் நம்பர் தருவதானால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றும், அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரவு பதினொரு மணி வாட்ஸ்அப்புக்கு ஒருமுறை பதில் சொன்னால் அதுவே வழக்கமாகிவிடும். போட்டோ, வீடியோ எடுக்க எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சிகிச்சைக்காக எடுத்தது உங்கள் ஸ்டேட்டஸில் ஏறக் கூடாது.

விடைபெறுவது

திடீரென்று "அடுத்த வாரத்துலேருந்து வர வேண்டாம்" என்றால் கைகழுவிவிட்டதாகவே தோன்றும். முடிவதற்கு நான்கு செஷன் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். வாரம் இரண்டை ஒன்றாக்கி, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக்குங்கள். கடைசிக்கு முந்தைய செஷனில் அந்த சி.ஓ.பி.எம். மார்க்குகளை மறுபடி கேளுங்கள், பழைய எண்ணைக் காட்டாமல். கேட்ட பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். சட்டை 2-லிருந்து 8, சாப்பாடு 1-லிருந்து 6, துணி வெட்டுவது 1-லிருந்து 3 என்று இருக்கலாம். அந்த 3-ஐ மறைக்காதீர்கள். அதற்கு இனி யாரிடம் போவது, இடது கைக் கத்தரிக்கோலை எப்படிப் பழகுவது, மிஷினுக்கு மோட்டார் போட்டு மிதியை இடது காலுக்கு மாற்றுவது எப்படி என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளை மகனிடம் நீட்டாமல் மாஸ்டரின் இடது கையில் கொடுங்கள்.